கேள்வி – பதில்: கரூ மேய்ச்சல் நிலமும் அதன் சொந்தச் செடிகளும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியில், கிராஃப் ரைநெட் அருகே நானும் தம்பியும் வாங்கிய செம்மறிப் பண்ணையில் மூன்று ஆண்டுகளாக ஓர் ஆட்டைக்கூட விடவில்லை. ஆனாலும் ஆடு தின்னாத பிட்டர்போஸ் புதர்தான் பெருகியிருக்கிறது; இடையிடையே வெற்றுத்தரை அப்படியே கிடக்கிறது. இன்னும் காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், மலபார், போர்ட் எலிசபெத் (இன்றைய கெபெர்ஹா)

பதில்: நிலத்துக்கு ஓய்வு கொடுத்தது சரியே, ஆனால் ஓய்வு மட்டும் போதாது. ஆடுகள் தமக்குப் பிடித்த செடியை விதை பிடிக்குமுன் கடித்துவிடுவதால், நெடுங்கால மேய்ச்சலுக்குப் பின் அச்செடியின் விதையே அந்த மண்ணில் இல்லாமற்போகிறது. அவை ஒதுக்கிய புதரோ ஆண்டுதோறும் விதை சிந்தி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிரின்ஸ் ஆல்பர்ட் அருகே டியர்பெர்க்கில் 1987இல் ஆய்வுக்களம் அமைத்த சூழலியல் ஆய்வாளர்கள் சூ மில்டன், ரிச்சர்ட் டீன் ஆகியோரின் பணிகள் இதைத் தெளிவாக்கியுள்ளன. விதை இல்லாத இடத்தில் வேலி மட்டும் போட்டுக் காத்திருப்பதில் பயனில்லை என்பதே என் கருத்து.

அந்த வெற்றுத்தரையைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். மழைத்துளி அடித்து இறுகிய மெல்லிய பொருக்கு ஓடுபோலப் பெயர்ந்து வரும். பெரிய மழைக்குப் பிறகும் அதனடியில் மண் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். ஆகவே முதலில் பொருக்கை உடைத்து, சரிவுக்குக் குறுக்கே ஆழமில்லாத அரைவட்டக் குழிகள் எடுத்து, விதையைத் தூவி, அதன்மேல் கரூ வேலமரத்தின் முட்கிளைகளைப் பரப்புங்கள். அந்த முள் நிழல் தரும், காற்றில் வரும் விதையையும் வண்டலையும் பிடித்துவைக்கும், முயல், ஆடு இவற்றின் வாயிலிருந்து நாற்றைக் காக்கும். பிப்ரவரி, மார்ச் மழைக்கு முன் இவ்வேலையை முடித்துவிடுவது நல்லது.

விதைக்க ஏற்றவற்றுள் கரூ பீட்டோ முதலிடத்தில் நிற்கிறது. ஆடுகள் விரும்பித் தின்னும் இச்செடியின் விதைக்குச் சிறகு உண்டு; அதனால் ஓரிடத்தில் வேரூன்றிய சில செடிகளே காற்றின் துணையோடு சுற்றிலும் பரவிவிடும். அடுத்தது ஆங்கர் கரூ: வளைந்து தரையைத் தொடும் அதன் கிளைநுனி அங்கேயே வேர்விடுவதால் மண் அரிப்பைத் தடுக்க அதற்கு நிகரானது குறைவு. மேய்ச்சல் படாத சாலையோர வேலிக்குள் இவை செழித்திருக்கும்; உரிய அனுமதியோடு அங்கே விதை சேகரிக்கலாம்.

பிட்டர்போஸை ஒரேயடியாகப் பிடுங்கிவிட வேண்டாம். இப்போது மண்ணைப் பிடித்திருப்பது அதுதான். ஆனால் சினையாடுகளை அதில் மேயவிடாதீர்கள். அதைத் தின்ற தாயின் குட்டிகளுக்கு மயிர் உதிரும் ‘கால்சீக்ட’ நோய் வருவதுண்டு.

கேள்வி: ஸ்பெக்பூம் என்னும் சதைப்பற்றுச் செடியை நட்டால் எந்த நிலமும் மீண்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: எந்த நிலமும் என்பது மிகை. உறைபனி படாத சரிவுகளில், முன்பு அது வளர்ந்திருந்த புதர்க்காட்டுப் பகுதியில், போத்தை வெட்டி நிழலில் சில நாள் உலர்த்தி நட்டால் பெரும்பாலும் பிடிக்கும். குளிர் தேங்கும் பள்ளத்தாக்குத் தரையில் நட்டால் பனியில் கருகிவிடும். அரசின் புதர்க்காட்டு மீட்புத் திட்டத்தில் கிழக்குக் கேப்பின் பல இடங்களில் சோதனையாக நடப்பட்ட போத்துகள் சில இடங்களில் நன்கு பிடித்தன, பல இடங்களில் அழிந்தன. விலங்குகள் மேய்ந்ததும் அதற்கு ஒரு காரணம். அமேசான் காட்டைவிட அதிகமாகக் கரியமில வாயுவை அது உறிஞ்சும் என்று வாட்ஸ்அப்பில் உலவும் செய்தியை நம்பவேண்டாம்.

கேள்வி: காங்கேயம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப்புல் விதையை உறவினர் அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். இங்கு விதைக்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையைக் கொண்டுவருவது குற்றம். அதைவிட, அந்தப் புல் ஆப்பிரிக்காவுக்கும் சொந்தமானது. மொலோபோ ஆற்றுப் பகுதியிலிருந்து தேர்ந்த ‘மொலோபோ’ ரகமே இங்கு உண்டு. புதிதாய் அறுத்த விதை உறக்கநிலையில் இருக்கும் என்பதால், சில மாதம் சேமித்துவைத்த விதையா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.