நாலரை வயதில் பியானோ வகுப்பா?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. பக்கத்து வீட்டு கீபோர்டை விட்டு நகர மறுக்கிறாள். இப்போதே பியானோ வகுப்பில் சேர்க்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வயது கிடக்கட்டும். கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் மாறி மாறி வரும். ‘இரண்டு சேர்ந்திருக்கும் இடங்களைக் காட்டு’ என்று கேளுங்கள். தேடிக் காட்டிவிட்டால் தாராளமாகச் சேர்க்கலாம். எழுத்து வாசிக்க வராவிட்டால் பாதகமில்லை. ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். பியானோவில் விரல்களை எண்ணால்தான் சொல்வார்கள்: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, அவ்வளவுதான். மோதிரவிரல் சொன்ன பேச்சுக் கேட்காது. அது எனக்கே இன்னும் தகராறுதான். கால் தொங்கினால் முதுகு வளையும், அடியில் ஒரு பலகை போடுங்கள். வீட்டில் தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார உங்களால் முடியுமா? முடியாதென்றால் ஆறு வயது வரை பொறுங்கள். முதல் நாளே கிரேடு தேர்வை, அதாவது படிப்படியாக எழுதும் இசைத் தேர்வைப் பற்றிப் பேசும் ஆசிரியர் வேண்டவே வேண்டாம்.