பொருளை 'ரீகால்' செய்வது என்றால் என்ன?

விற்ற பொருளில் ஆபத்து இருப்பது தெரியவந்தால் நிறுவனம் அதைத் திரும்பப் பெறும், அல்லது இலவசமாகச் சரிசெய்து தரும். அதுதான் ரீகால்.

2016-இல் அமெரிக்காவில் ஐகியா என்ற மரச்சாமான் நிறுவனம் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளை இப்படி ரீகால் செய்தது. அவை சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். அவை உடைந்த அலமாரிகள் அல்ல. டிராயர்களைத் திறந்து குழந்தை அதில் ஏறினால் எடை முன்பக்கம் வந்துவிடும். பின் கேரியரில் பெரிய மூட்டை ஏற்றினால் சைக்கிளின் முன்சக்கரம் தூக்குமே, அதே மாதிரிதான். சுவரோடு பிணைக்கும் சாதனத்தை இலவசமாகத் தந்தார்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த நிறுவனத்து அலமாரியாக இருந்தாலும், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் தயவுசெய்து சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

"எங்கள் வீட்டில் பல வருடமாக நன்றாகத்தானே நிற்கிறது" என்று ரீகால் அறிவிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தை ஏறாத வரைதான் அது அப்படி நிற்கும்.