கம்பியில் இருந்தது வைரியா?

டிசம்பர் முதல் வாரம் மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் மின்கம்பியில் படமெடுத்த சாம்பல் பறவை, வைரி என்ற சிறிய வேட்டைப்பறவையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது அமூர் வல்லூறு என்ற வேறொரு வேட்டைப்பறவை, ஆண். கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். விழி கருப்பு, சுற்றிலும் செம்மஞ்சள் வளையம். வைரிக்கு விழியே மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும், கால் மஞ்சள். இதற்குக் கால் நல்ல செம்மஞ்சள், வாலடியில் செங்காவி.

புறாவை விடச் சிறிய உருவம், எடை சுமார் 150 கிராம்தான். கிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, நாகாலாந்தில் ஈசலைத் தின்று கொழுத்து, இந்தியாவைக் கடந்து அரபிக்கடல் மேல் நிற்காமல் பறந்து தெற்கு ஆப்பிரிக்கா போகிறது. ஈசலையும் தட்டானையும் காலால் பிடித்து, பறந்தபடியே குனிந்து தின்னும். அப்புறம், நீங்கள் எடுத்த மூன்றாவது படத்தில் அதன் காலில் இருப்பது குச்சி இல்லை, தட்டான் மாதிரித் தெரிகிறது!