ஆள் இல்லாமலே ஜெயித்த தக்சின்

கேள்வி: தாய்லாந்தில் ராணுவம் விரட்டிய தக்சின் ஷினவத்ரா, ராணுவம் நடத்திய தேர்தலிலேயே ஜெயித்தாராமே, எப்படி?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அவர் நிற்கவில்லை, அவர் ஆட்கள் நின்றார்கள். 2006 செப்டம்பரில், பிரதமராக இருந்த தக்சின் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க் போயிருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு அவருடைய கட்சி கலைக்கப்பட்டது, 111 நிர்வாகிகளுக்கு 5 ஆண்டு அரசியல் தடை. அவரோ இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியை வாங்கிக்கொண்டிருந்தார் (வெளிநாட்டில் முடங்கிக் கிடந்தார் என்று பாவப்பட வேண்டாம்). 2007 டிசம்பர் தேர்தலில் மக்கள் சக்திக் கட்சி என்ற புதுப் பலகையின் கீழ் அதே ஆட்கள் வந்து 480-ல் 233 இடங்களைப் பிடிக்க, தக்சினின் ஆள் என்பதை மறைக்காத சமக் சுந்தரவேஜ் பிரதமரானார். அப்புறம் டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்திக் காசு வாங்கினார் என்று நீதிமன்றம் அவரையும் வீட்டுக்கு அனுப்பியது, அது தனிக்கதை.

காரணம் பெரிய ரகசியமில்லை. 30 பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்தால் ஆஸ்பத்திரியில் வைத்தியம், கிராமத்துக்குப் பத்து லட்சம் பாட் கடன் நிதி என்று அவர் செய்தது வடக்கிலும் வடகிழக்கிலும் ஏழைகளின் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்திருந்தது. டாங்கி வந்தால் அதை மறந்துவிடுவார்களா?

2014-ல் மறுபடி ஆட்சியைப் பிடித்த ராணுவம் உஷாராகிவிட்டது. 2019 தேர்தலில் தக்சின் தரப்பின் பியூ தாய் கட்சிதான் 136 இடங்களோடு முதலிடம். ஆனால் பிரதமரைத் தேர்ந்தெடுக்க ராணுவம் நியமித்த 250 செனட்டர்களுக்கும் ஓட்டு இருந்ததால், நாற்காலி 2014-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் பிரயுத்துக்கே போனது.