'சாவ் ச்சே லோ தொன்' என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி: ஆபீஸ் வேலையாக அடிக்கடி ஹாங்காங் போகிறேன். பயணக் களைப்பைக் காண்டனீஸில் சொல்லலாமே என்று அகராதியைப் பார்த்து 'சாவ் ச்சே லோ தொன்' என்றேன், கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வேறு எப்படிச் சொல்வது?
- வாசகர், கோவை

பதில்: சிரிக்கத்தான் செய்வார்கள். படகிலும் வண்டியிலும் போய் அலுத்துப்போவதைச் சொல்லும் நாலெழுத்துத் தொடர் (நாலு சீன எழுத்தில் எழுதுவது) அது, சுத்தமான ஏட்டு நடை. விருந்தாளியை வரவேற்கிறவர் மேடையில் சொன்னால் எடுப்பாக இருக்கும். மெட்ரோவை விட்டு இறங்கி நீங்களே உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டால், டீக்கடையில் போய் 'யான் மிகவும் களைப்புற்றேன்' என்ற கதைதான்.

பேச்சில் ஒரே சொல், 'குய்'. அலுப்பு, அசதி எல்லாம் அதில் அடங்கும். தாழ்ந்த குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லுங்கள், முன்னால் 'ஹோ' சேர்த்தால் 'ரொம்ப அசதி'. நடந்து நடந்து கால் தொய்ந்துவிட்டதென்றால் 'ஹாங் தோ கொக் யூன்'. நம் நடராஜா சர்வீஸ் அங்கே பதினோராம் நம்பர் பஸ், 11 என்று எழுதிப் பார்த்தால் இரண்டு கால் தெரியும்!

நாலெழுத்துத் தொடரிலும் 'சான் ச்சொங் சொய் யூன்' மட்டும் சகஜமாகப் புழங்கும். மலை நீளம், தண்ணீர் தூரம் என்று அர்த்தம். 2018-இல் ஹாங்காங்கின் மேற்கு கவுலூனிலிருந்து அதிவேக ரயில் வந்தபிறகு சீனப் பெருநிலத்திலுள்ள குவாங்சோ நகரமே ஒரு மணி நேரத்துக்குள்தான், ஆனாலும் ஹாங்காங் தீவில் இருப்பவரை வடமேற்கே தின் சுய் வாய்க்குச் சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள், 'அவ்வளவு தூரமா' என்று இதைத்தான் இழுப்பார். இன்னும் எரிச்சலாக இருந்தால் 'சான் கா லா' என்பார், அதாவது பட்டிக்காட்டு மூலை.

பஸ்ஸில் தலைசுற்றிக் குமட்டினால் 'வன் ச்சே லோங்'. இதில் 'லோங்' என்பது அலை. கப்பலில் வரும் குமட்டலுக்கும் அதே அலைதான், தரையில் ஓடும் பஸ்ஸுக்கும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். டாக்சிக்காரர் மீட்டர் ஏறட்டும் என்று ஊரைச் சுற்றினால் 'யவ் ஃபா யூன்', பூங்காவில் உலாத்துவது. காரியம் நடக்காமல் நம்மை அலையவிடுகிறவர்களுக்கும் பொருந்தும், ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள்.

அப்புறம், உங்களை அழைத்துப்போக ஒருவர் ஏர்போர்ட் வரை வந்திருந்தால் உங்கள் அலுப்பை அளக்குமுன் 'சன் ஃபு சாய்' என்று சொல்லிவிடுங்கள். 'உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம்' என்கிற நன்றி அது.