வீட்ல டாரன்டுலா இருக்கு, இப்போ பிளாக் விடோவும் வரப்போகுதாம்: டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் கொஞ்ச நாளா சிலி ரோஸ் டாரன்டுலான்னு ஒரு பெரிய முடி முளைச்ச சிலந்தி வளர்க்கறார், கண்ணாடி டேங்க்ல இருக்கு. இப்போ தெரிஞ்சவர் ஒருத்தர் பிளாக் விடோங்கற விஷச் சிலந்தி தர்றேன்னு சொல்லிருக்காராம், அதையும் கொண்டு வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். கேட்டா "சிலந்தி கடிச்சு யாரு செத்தா, நீ சும்மா பயப்படற"ங்கறார். வீட்ல ரெண்டரை வயசு பையன் இருக்கான், பூனையும் இருக்கு. போன மாசம் டேங்க் கழுவினதுலேருந்து அவருக்கு ஒரு கண்ணு அடிக்கடி சிவந்து போகுது, சொட்டு மருந்து விட்டா குறையுது, திரும்ப வருது, தூசிதான்னு சொல்லிட்டு விட்டுட்டார். நான் பயப்படறது நியாயமா இல்லையா?

பதில்: நீங்க கேட்டது பிளாக் விடோ பத்தி, ஆனா படிக்கும்போது எனக்கு உறுத்தினது அந்த கண்ணு விஷயம்தான், அதனால அதை முதல்ல பேசிடலாம்.

உங்க வீட்ல இருக்கற டாரன்டுலா பொதுவா சாதுவான வகை, சீண்டாம கடிக்காது, கடிச்சாலும் பெரும்பாலும் அந்த இடத்துல வலியும் வீக்கமும்தான். ஆனா அதுக்கு இன்னொரு ஆயுதம் இருக்கு, நிறைய பேர் அதை கண்டுக்கறதே இல்ல. வயித்துப் பகுதி மேல பொடிப்பொடியா முடி இருக்கும், பயந்துட்டா பின்னங்காலால அதை தேய்ச்சு காத்துல பறக்க விடும். அந்த முடி ஒவ்வொண்ணுலயும் சின்ன சின்ன முள்ளு இருக்கு, தோல்ல பட்டா கம்பளிப்பூச்சி பட்ட மாதிரி அரிச்சு தடிச்சுட்டு அடங்கிடும், ஆனா கண்ணுல பட்டா கருவிழில குத்திக்கிட்டு, தேய்க்க தேய்க்க உள்ள உள்ள போயிட்டே இருக்கும், கண்ணோட பின்பகுதி வரைக்கும் போனவங்களும் இருக்காங்க. 2009ல இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துல ஒருத்தருக்கு இதேதான் நடந்துச்சு. மூணு வாரமா கண்ணு சிவந்து தண்ணி வழிஞ்சு வெளிச்சம் பார்க்க முடியாம இருந்திருக்கார், சாதாரண கண் நோய்னு ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கேட்கல, கடைசியில பெரிசுபடுத்தற லென்ஸ் வச்சு பார்த்தப்போ கருவிழில முடி முடியா குத்தியிருந்துச்சு, அப்புறம்தான் அவருக்கே டேங்க் கழுவும்போது டாரன்டுலா மூஞ்சியில முடி விட்டது ஞாபகம் வந்துச்சு. லான்செட் மருத்துவ இதழ்லயே இது வந்திருக்கு.

அதனால உங்க வீட்டுக்காரரை இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, போனதும் "வீட்ல டாரன்டுலா இருக்கு, டேங்க் கழுவினப்புறம் ஆரம்பிச்சது"ன்னு வாய்விட்டு சொல்லுங்க, சொல்லலேன்னா அவருக்கும் இது தோணாது. கண்ணை தேய்க்கக்கூடாது, கான்டாக்ட் லென்ஸ் போடறவரா இருந்தா இப்போதைக்கு வேண்டாம். இப்போ விடற சொட்டு மருந்து பாட்டிலையும் கையோட எடுத்துட்டு போங்க, ஏன்னா அதுல ஸ்டீராய்டு இருந்தா சிவப்பு குறையற மாதிரி இருக்கும், நிறுத்தினா திரும்ப வரும், அந்த பக்கம் கண்ணோட அழுத்தம் ஏறிட்டிருந்தாலும் வெளிய தெரியாது. இதுக்கு வைத்தியமே ஸ்டீராய்டு சொட்டுதான், ஆனா கண் டாக்டர் அளவு பார்த்து கொடுக்கணும், நாமளா வாங்கி விடற விஷயம் இல்ல. நிஜமாவே தூசியா இருந்தா நல்லது, பார்த்து தெரிஞ்சுக்கறதுல ஒண்ணும் நஷ்டமில்ல.

இப்போ பிளாக் விடோவுக்கு வருவோம். யாரும் சாகறதில்லன்னு அவர் சொல்றது முக்கால்வாசி சரிதான், ஆரோக்கியமான பெரியவங்க இதனால சாகறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா சாகலன்னா ஒண்ணுமில்லைனு ஆயிடாது இல்லையா. கடிக்கும்போது ஊசி குத்தின மாதிரி கூட தெரியாம போகலாம், ஒரு மணி நேரம் போல கழிச்சு வலி ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறும். இதோட விஷம் நரம்பு நுனியில இருக்கற ரசாயனத்தையெல்லாம் ஒரேயடியா கொட்ட வச்சிடும், அதனால வயிறு, முதுகு, தொடை எல்லாம் இறுக்கி பிடிச்சுக்கும், வேர்த்து கொட்டும், பிரஷர் ஏறும், வாந்தி வரும். வயிறு கட்டை மாதிரி ஆகறதால அப்பென்டிக்ஸ்னு டாக்டர்களே குழம்பறது உண்டு. பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்தான், ஆனா அந்த ரெண்டு மூணு நாள் வலிக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட்டு படுக்க வேண்டி வரலாம்.

விஷமுறிவு மருந்து இருக்கே, போட்டா சரியாயிடுமேன்னு கேட்பார், இந்த மாதிரி ஆட்கள் கட்டாயம் கேட்பாங்க. இருக்கு, பிளாக் விடோவோட நெருங்கின சொந்தமான ரெட்பேக் சிலந்திக்கு ஆஸ்திரேலியாவுல 1956லேயே வந்துடுச்சு. ஆனா இது குதிரை ரத்தத்துலேருந்து எடுக்கறது, சிலருக்கு கடுமையான அலர்ஜி ஆகலாம், எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலயும் ஸ்டாக் வச்சிருக்கவும் மாட்டாங்க. அதுவும் போக, 2014ல வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வுல ரெட்பேக் கடிச்சவங்களுக்கு வலி மருந்தோட இந்த ஊசியும் சேர்த்து போட்டதுல பெரிய வித்தியாசம் இல்லைனு வந்துச்சு. பாம்புக்கடி ஊசி இருக்கேன்னு நினைக்காதீங்க, அது சிலந்திக்கு வேலை செய்யாது.

பெரியவங்களுக்கே இப்படின்னா உங்க பையனை யோசிங்க. உடம்பு சின்னது, விஷம் அதே அளவு. ரெண்டரை வயசுல எங்க வலிக்குது, என்ன கடிச்சதுன்னு சொல்லத் தெரியாது, விடாம அழுவான், வேர்க்கும், வயித்தை தொட விடமாட்டான், நீங்க வயித்து வலின்னு ஓமவாட்டர் கொடுத்துட்டிருப்பீங்க. பூனைக்கும் இந்த விஷம் சுத்தமா தாங்காது, அது சும்மா இருக்கற ஜீவனும் இல்ல, டேங்கை தட்டி விட்டு பார்க்கற ஜாதி.

இன்னொண்ணு, யாரும் சொல்லாத விஷயம். பெண் விடோ ஒரு தடவை இணை சேர்ந்தா போதும், விந்தை உள்ளயே சேர்த்து வச்சுக்கிட்டு பல மாசத்துக்கு முட்டைப்பை போட்டுட்டே இருக்கும், ஒரு பையில நூத்துக்கணக்குல முட்டை, பொரிஞ்சு வர குஞ்சு காத்துக்கு விட்ட ஓட்டை வழியாவே வெளிய வந்துடற அளவுக்கு பொடிசா இருக்கும். தெரிஞ்சவர் கொடுக்கறது வெளியில பிடிச்சதா, எங்கேயோ பொரிச்சதான்னு உங்களுக்கு எப்படி தெரியும்?

அதனால என் பதில், பிளாக் விடோ இந்த வீட்டுக்கு வேண்டாம். நீங்க பயப்படறது நியாயம்தான். டாரன்டுலாவை தூக்கி போடுங்கன்னு சொல்ல மாட்டேன், பெண்ணா இருந்தா அது 15, 20 வருஷம் கூட வாழும், ஆனா பையன் கை எட்டாத, பூட்டு போடற ரூம்ல இருக்கணும், டேங்குக்கும் பூட்டு வேணும். கழுவும்போது கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, கையுறை, மாஸ்க் மூணும் கட்டாயம், அது உரிச்சு போட்ட தோல்லயும் அந்த முடி இருக்கும், அதையும் கையால எடுக்கக்கூடாது. கையில வச்சு விளையாடறது அவருக்கு மட்டுமில்ல, அதுக்கும் ஆபத்து, கொஞ்சம் உயரத்துலேருந்து விழுந்தாலே வயிறு கிழிஞ்சு செத்துடும்.

"சரி, விடோ வேண்டாம், கலர் கலரா இருக்கே அந்த பொயசிலோதீரியா டாரன்டுலா வாங்கிக்கறேன்"னு அடுத்து வருவார் பாருங்க. இந்தியா, இலங்கை காடுகள்ல மரத்துல வாழற வகை அது, அரிக்கிற முடி கிடையாது, ஆனா வேகமா ஓடும், கடிச்சா விஷம் ஜாஸ்தி. கடிச்சு பல மணி நேரம் கழிச்சு கூட தசை பிடிப்பு ஆரம்பிக்கும், சிலருக்கு வாரக்கணக்குல விட்டு விட்டு வந்திருக்கு. 2019லேருந்து அந்த வகை முழுக்க சர்வதேச வணிக கட்டுப்பாட்டுல வேற இருக்கு, பேப்பர் இல்லாம நாடு விட்டு நாடு கொண்டு வரக்கூடாது.

எந்த சிலந்தி கடிச்சாலும் சோப்பு தண்ணியில கழுவிட்டு, துணியில சுத்தின ஐஸ் கட்டி வைங்க. கீறறது, உறிஞ்சறது, இறுக்கி கயிறு கட்டறது எதுவும் வேண்டாம், விடோ கடிக்கு கட்டு போட்டா வலிதான் கூடும். கடைசியா டெட்டனஸ் ஊசி எப்போ போட்டாங்கன்னு பாருங்க. வலி கடிச்ச இடத்தை விட்டு பரவினாலோ, வேர்த்தாலோ, வயிறு இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போங்க, கடிபட்டது பையன்னா இதெல்லாம் வர்ற வரைக்கும் கூட பார்க்காதீங்க. டேங்க் மேல சிலந்தியோட அறிவியல் பேரை பெருசா எழுதி ஒட்டி வைங்க, போகும்போது அதை போட்டோ எடுத்துட்டு போனா போதும், சிலந்தியை பிடிச்சு டப்பாவுல போட்டு கொண்டு வர வேண்டாம்.