'கொளுவல்' என்றால் சண்டை என்று பொருளா?

இலங்கைத் தமிழர் ஒருவர் "இருவருக்கும் கொளுவல்" என்று எழுதியிருந்ததைக் காட்டி, அது சண்டைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் மட்டக்களப்பின் படுவான்கரையில் பிறந்தவள். சண்டை என்று நீங்கள் எழுதினால் எங்கள் ஊரில் வேறு பொருள் வந்துவிடும்.

கொளுவுதல் என்றால் முதலில் மாட்டுதல். சட்டையை ஆணியில் கொளுவுவோம். கதவுக்குக் கொளுக்கி போடுவோம். இரண்டு பேரின் வாய்கள் அப்படி ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதுதான் கொளுவல். வேலியைத் தாண்டி விழுந்த தேங்காய், பயிரில் வாய் வைத்த மாடு, இவ்வளவுதான் காரணமாக இருக்கும். "அவன் என்னோடு கொளுவினான்" என்போம். நடுவில் ஒருவர் மூட்டிவிட்டால் "கொளுவிவிட்டான்".

தனகுதல் வேறு. அது ஒருவர் வேண்டுமென்றே சீண்டுவது. மற்றவர் பேசாமல் போனால் அங்கேயே முடிந்தது, வாய் திறந்தால் கொளுவல். வயல் பங்கு, சீட்டுக் காசு என்று மாதக்கணக்கில் இழுபடுவது பிடுங்குப்பாடு.

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொம்புமுறி நினைவுக்கு வரும். கண்ணகி அம்மனுக்காக எங்கள் பக்கத்தில் நடந்துவந்த விளையாட்டு அது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். சொல்லின் இரண்டு பொருளும் அங்கே கண்முன்னே நிற்கும்.

2007இல் போரால் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். ஒருநாள் தண்ணீர் வரிசையில் யாருடைய வாளி முன்னே என்று அம்மாவும் பக்கத்துக் கூடாரத்து மாமியும் பிடித்துக்கொண்டார்கள். நான் பாட்டியிடம் ஓடிப்போய், "பெத்தா, அங்கே சண்டை!" என்று கத்தினேன். பெத்தா ஒன்றும் கேட்கவில்லை. உடுப்புப் பையைத் தோளில் போட்டு, தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார். வாளிக் கதையை நான் சொல்லி முடித்த பிறகுதான் தம்பியை இறக்கினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கொளுவுகிறார்கள் என்று சொல்லு மனே," என்றார்.